முழு பேக்கப் வேண்டும், சர்வரை முழுதாகப் படிக்க நேரமில்லை: சிந்தெடிக் ஃபுல் பற்றி ஓர் எளிய விளக்கம்

பத்து வி.எம்.கள் (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கி ஓட்டும் மெய்நிகர் கணினிகள்), ஒவ்வொன்றிலும் அரை டெராபைட் தரவு, ஆக 5 டெராபைட். நடுத்தரக் கல்லூரி, ஐம்பது அறுபது படுக்கை உள்ள மருத்துவமனை, ஓர் ஏற்றுமதி நிறுவனம் என்று எங்கே போனாலும் இன்று இந்த அளவு சாதாரணம். இதை அப்படியே பேக்கப் சர்வருக்கு நகலெடுக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் ஏட்டுக் கணக்குப்படி விநாடிக்கு 125 எம்.பி. போகும், நடைமுறையில் 110 கிடைத்தாலே நல்ல நெட்வொர்க். அந்த வேகத்தில் 5 டெராபைட்டுக்குப் பன்னிரண்டரை மணி நேரம். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் மறுநாள் காலை பத்தரைக்கு முடியும். அதற்குள் மருத்துவமனையில் புறநோயாளிகள் வரிசை நீண்டிருக்கும். பில் போடும் மென்பொருளும் பேக்கப்பும் ஒரே வட்டுக்குப் போட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

அதே பத்து வி.எம்.களில் ஒரு நாளில் மாறும் தரவு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது 150 ஜி.பி. அதை மட்டும் நகலெடுக்க இருபத்து மூன்று நிமிடம் போதும்.

தினமும் மாறியதை மட்டும் எடுப்பது எளிது. முழுதாக எடுப்பது பெரும்பாடு. ஆனால் சர்வர் விழுந்த நாளில் கையில் இருக்க வேண்டியது முழு நகல். இந்த இக்கட்டுக்குக் கண்ட வழிதான் சிந்தெடிக் ஃபுல் பேக்கப். மூல சர்வரை மறுபடி படிக்காமல், ஏற்கெனவே எடுத்துவைத்த நகல்களைக் கொண்டே, பேக்கப் சர்வருக்குள்ளேயே புதிய முழு நகலை உருவாக்கிவிடுவது. இது எப்படி நடக்கிறது, எங்கே காப்பாற்றும், எங்கே காலை வாரும் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

வெளியிலிருந்து பார்த்தால் வி.எம். ஒரு கோப்பு

வி.எம்.முக்கு உள்ளே விண்டோஸ் ஓடலாம், உபுண்டு ஓடலாம், டேலி ஓடலாம், நோயாளிகளின் பதிவேடு ஓடலாம். அதைத் தாங்கி ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்கு அந்த வட்டு மொத்தமும் பெரும்பாலும் ஒரே பெரிய கோப்பு. விஎம்வேரில் அது வி.எம்.டி.கே., ஹைப்பர்-வியில் வி.ஹெச்.டி.எக்ஸ்., லினக்ஸின் கே.வி.எம்.மில் பலர் வைத்திருப்பது கியூகவ்2.

இதனால் ஒரு சௌகரியமும் ஒரு சிக்கலும் வருகின்றன. அந்தக் கோப்பைக் கொண்டுபோய் வேறு சர்வரில் வைத்தால் இயங்குதளம், மென்பொருள், அமைப்புகள் எல்லாமே சேர்ந்து எழுந்துவிடும் என்பது சௌகரியம். சிக்கல் என்னவென்றால், உள்ளே ஒரே ஒரு பில் பதிவானாலும் 500 ஜி.பி. கோப்பு மொத்தமும் ‘மாறிய கோப்பு’ ஆகிவிடும். எனவே ‘மாறிய கோப்புகளை மட்டும் எடு’ என்ற பழைய முறை இங்கே உதவாது. வட்டைச் சிறு சிறு பிளாக்குகளாகப் பிரித்து, மாறிய பிளாக்குகளை மட்டும் எடுக்க வேண்டும்.

எந்தப் பிளாக் மாறியது என்று யார் சொல்வது? ஹைப்பர்வைசர்தான். ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தானே வட்டுக்குப் போகிறது. விஎம்வேர் இதைக் குறித்துவைக்கும் வசதியை 2009-இல் வந்த விஸ்பியர் 4-இல் கொடுத்தது. சேஞ்ச்டு பிளாக் டிராக்கிங், சுருக்கமாக சி.பி.டி. ஹைப்பர்-விக்கு அதுபோன்ற வசதி விண்டோஸ் சர்வர் 2016-இல் வந்தது. கே.வி.எம். பக்கம், அதோடு சேர்ந்து ஓடும் கியூஎம்யு-வில் டர்ட்டி பிட்மேப் என்ற பெயரில் இருக்கிறது. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பேக்கப் மென்பொருள் வட்டு முழுவதையும் படித்து முந்தைய நகலோடு ஒப்பிட்டுத்தான் மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நெட்வொர்க் மிச்சமாகும், வட்டின் உழைப்பு மிச்சமாகாது.

இங்கே ஸ்னாப்ஷாட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். ஓடும் வி.எம்.மைப் பேக்கப் எடுக்கும்போது முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கப்படும். அந்தக் கணத்தில் மூல வட்டு அப்படியே நிறுத்திவைக்கப்பட்டு, அதன்பின் வரும் எழுத்தெல்லாம் தனியாக ஒரு கோப்பில் சேரும். பேக்கப் முடிந்ததும் அந்தத் தனிக் கோப்பு மூல வட்டோடு இணைக்கப்படும். பேக்கப் நீள நீளத் தனிக் கோப்பும் பெருக்கும், இணைக்கும்போது வி.எம். சில விநாடிகள் உறைந்து நிற்பதும் உண்டு. பன்னிரண்டு மணி நேர முழு பேக்கப் உண்டாக்கும் தொல்லை இங்கேதான் அதிகம் தெரியும். மேலும், ஸ்னாப்ஷாட் மூல வட்டு இருக்கும் அதே ஸ்டோரேஜில்தான் கிடக்கிறது. ஸ்டோரேஜ் போனால் அதுவும் சேர்ந்து போகும். அதைப் பேக்கப் என்று நம்பி வாரக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

சங்கிலி நீளும்போது

ஞாயிறு முழு பேக்கப். திங்கள் முதல் சனி வரை தினமும் முந்தைய நாளுக்குப் பின் மாறிய பிளாக்குகள் மட்டும், இது இன்கிரிமென்டல். வியாழக்கிழமை நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன் ஐந்தும் நன்றாக இருக்க வேண்டும். செவ்வாயின் கோப்பு கெட்டுவிட்டால் புதனும் வியாழனும் இருந்தும் பயனில்லை. கடைசி முழு நகலுக்குப் பின் மாறிய எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் திரும்ப எடுக்கும் டிஃபரன்ஷியல் முறையும் உண்டு. அதில் சங்கிலி குட்டையாக இருக்கும், ஆனால் தினசரி அளவு ஏறிக்கொண்டே போகும். வி.எம். உலகில் அது அதிகம் புழங்குவதில்லை.

ஒரு முழு நகலை எடுத்துவிட்டு, அதன்பின் ஆண்டுக்கணக்கில் இன்கிரிமென்டல் மட்டுமே எடுத்தால் என்ன என்று தொடக்கத்தில் எல்லோருக்கும் தோன்றும். முந்நூறாம் நாளில் ஒரு கோப்பை மீட்க முந்நூறு கண்ணிகளும் நலமாக இருந்தாக வேண்டும். பழையதை அழித்து இடம் மீட்கவும் முடியாது, ஏனென்றால் இன்று எடுத்த நகல் முதல் நாள் நகலின்மேல்தான் நிற்கிறது. எனவே அவ்வப்போது புதிய முழு நகல் வேண்டும். டேப் காலத்தில் வார இறுதியில் முழு பேக்கப் ஓடும். தரவு சிறியது, ஞாயிற்றுக்கிழமை அலுவலகமும் இருட்டாக இருக்கும். இன்று தரவும் பெருத்துவிட்டது, பல சர்வர்களுக்கு ஞாயிறும் இல்லை.

இருப்பதை வைத்து முழுமை

வாக்காளர் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலப் பட்டியல் இருக்கும். அதன்பின் சேர்த்தல், நீக்கல், திருத்தம் என்று துணைப் பட்டியல்கள் வரும். ஒரு கட்டத்தில் அவை அனைத்தையும் மூலத்தோடு இணைத்து ஒருங்கிணைந்த புதிய பட்டியல் அச்சாகும். அதற்காக யாரும் வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. கையில் உள்ள காகிதங்களே போதும். சிந்தெடிக் ஃபுல் அந்த இணைப்பு வேலையைச் செய்கிறது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதற்கு நிகரானது ஆக்டிவ் ஃபுல், அதாவது மூல வி.எம்.மின் வட்டை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி படித்து எடுக்கும் முழு பேக்கப்.

ஆறு பிளாக் மட்டுமே உள்ள குட்டி வட்டு ஒன்றை வைத்து இதைப் பார்ப்போம். ஞாயிறு எடுத்த முழு நகலில் 1 முதல் 6 வரை எல்லாப் பிளாக்கும் இருக்கின்றன. திங்களன்று 2 மாறியது. செவ்வாயன்று 2 மறுபடி மாறியது, 5-ம் மாறியது. புதனன்று 6 மாறியது. புதன் இரவு பேக்கப் மென்பொருள் சிந்தெடிக் ஃபுல் செய்கிறது. 1, 3, 4 மூன்றையும் ஞாயிறு நகலிலிருந்து எடுக்கும். 2-ஐ செவ்வாய் நகலிலிருந்து எடுக்கும். திங்களன்று எடுத்த 2 பழசாகிவிட்டது, அது இங்கே தேவையில்லை. 5 செவ்வாயிலிருந்து, 6 புதனிலிருந்து. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் புதிய கோப்பு ஒன்றை எழுதிவிடும். புதன் இரவு மூல வட்டை முழுதாகப் படித்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதுவேதான் இந்தக் கோப்பும். வியாழன் முதல் வரும் இன்கிரிமென்டல்கள் இதைப் பற்றிக்கொண்டு புதிய சங்கிலியாகத் தொடரும்.

இதில் தொடக்கக்காரர்கள் பலர் கவனிக்காமல் விடுவது, சிந்தெடிக் ஃபுல் செய்யும் நாளிலும் மூல வி.எம்.மிடமிருந்து அன்றைய மாற்றம் எடுக்கப்படுகிறது என்பது. முதலில் வழக்கமான இன்கிரிமென்டல். அதன்பின் அதையும் சேர்த்து இணைப்பு. அப்படிச் செய்வதால்தான் புதிய முழு நகல் அன்றைய நிலையைக் காட்டுகிறது.

இந்த எண்ணம் புதியதன்று; வி.எம். பேக்கப்புக்கு மட்டும் உரியதும் அன்று. நெட்பேக்கப், காம்வால்ட், வீம் என்ற பேக்கப் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. பாகுலா என்ற மென்பொருளில் இதன் பெயர் விர்ச்சுவல் ஃபுல்.

மிச்சமும் செலவும்

மிச்சமாவது மூல சர்வரின் உழைப்பும் நெட்வொர்க்கும். வாரத்தின் ஏழு நாளும் அதே இருபத்து மூன்று நிமிடம்தான். ஸ்னாப்ஷாட்டும் அவ்வளவு நேரமே திறந்திருக்கும். கிளை அலுவலகத்திலிருந்து இணைய இணைப்பு வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் பேக்கப் அனுப்புபவர்களுக்கு இது பெரிய விடுதலை. 50 எம்.பி.பி.எஸ். இணைப்பில் 2 டெராபைட் முழு நகலை அனுப்ப மூன்றரை நாளுக்கு மேல் ஆகும். வாராவாரம் அதைச் செய்ய யாராலும் முடியாது. முதல் நகலை ஒரு வெளிவட்டில் எடுத்துக் கையோடு கொண்டுபோய் ஏற்றிவிட்டு, பிறகு மாற்றங்களை மட்டும் அனுப்பி, முழு நகலை அந்தப் பக்கமே உருவாக்கிக்கொள்ளலாம்.

செலவு பேக்கப் சர்வரின் தலையில் விழுகிறது. 5 டெராபைட்டைத் தன்னிடமிருந்தே படித்துத் தன்மீதே எழுத வேண்டும். அதுவும் பிளாக்குகள் பல கோப்புகளில் சிதறிக் கிடக்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் சாதாரண வட்டு, வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 150, 200 எம்.பி. கொடுக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கச் சொன்னால் விநாடிக்கு எண்பது, நூறு தடவைதான் அதன் தலை நகர முடியும். ஒவ்வொரு தடவையும் அரை எம்.பி. எடுத்தால்கூட 40, 50 எம்.பி.தான். அதே வட்டு எழுதவும் வேண்டுமென்றால் இன்னும் குறையும். நான்கு வட்டு போட்ட மலிவான நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) சிந்தெடிக் ஃபுல் இரவு முழுக்க ஓடி மறுநாளும் முடியாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். பேக்கப் சேமிப்புக்கு இருப்பதிலேயே மெதுவான பெட்டியை ஒதுக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. சிந்தெடிக் ஃபுல் செய்யப் போகிறீர்கள் என்றால் அந்த வழக்கத்தை மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் வாதாடத்தான் வேண்டும்.

இடமும் கூடுதலாக வேண்டும். புதிய முழு நகல் எழுதி முடியும்வரை பழையதை அழிக்க முடியாது. ஏழு நாள் நகல் போதும் என்று அமைத்திருந்தாலும், பழைய சங்கிலியின் கடைசிக் கண்ணி தேவைப்படும்வரை அந்தச் சங்கிலி முழுதும் வட்டில் இருக்கும். வாரம் ஒரு முழு நகல் என்றால், ஏழு கேட்ட இடத்தில் பதின்மூன்று பதினான்கு கோப்புகள் நிற்பதைப் பார்க்கலாம். இது கோளாறு அன்று. முன்கூட்டியே இடம் ஒதுக்காததுதான் கோளாறு.

நகர்த்தாமல் நகலெடுப்பது

இந்த இரண்டு செலவையும் ஒரேயடியாக வெட்டியது கோப்பு அமைப்புகளில் வந்த ஒரு முன்னேற்றம். ஒரு பிளாக் ஏற்கெனவே அதே வட்டில் இருக்கிறது. அதைப் படித்து வேறிடத்தில் மறுபடி எழுதுவானேன்? ‘புதிய கோப்பின் இந்தப் பகுதியும் அதே இடத்தைத்தான் குறிக்கிறது’ என்று எழுதிவைத்தால் போதாதா? விண்டோஸ் சர்வர் 2016-இன் ரீஎஃப்எஸ் கோப்பு அமைப்பில் பிளாக் குளோனிங் என்றும், லினக்ஸின் எக்ஸ்.எஃப்.எஸ்.ஸில் ரெஃப்லிங்க் என்றும் இந்த வசதி இருக்கிறது. பேக்கப் மென்பொருளும் இதைப் பயன்படுத்தத் தெரிந்ததாக இருந்தால், மணிக்கணக்கான சிந்தெடிக் ஃபுல் நிமிடக்கணக்குக்கு இறங்கிவிடும். பிளாக்குகள் நகர்வதே இல்லை, முகவரிகள் மட்டுமே எழுதப்படுகின்றன.

இடத்தில் என்ன வித்தியாசம்? சுருக்கலை விட்டுவிட்டு, நம் 5 டெராபைட்டையே நான்கு வாரத்துக்குக் கணக்குப் போடுவோம். வழக்கமான வட்டில் நான்கு முழு நகல் 20 டெராபைட். இடையில் 24 இன்கிரிமென்டல், தலா 150 ஜி.பி. வீதம் 3.6 டெராபைட், மொத்தம் 23.6. குளோனிங் உள்ள வட்டில் முதல் முழு நகல் 5 டெராபைட், அதன்பின் வந்த 27 நாட்களின் மாற்றம் சுமார் 4 டெராபைட்; மொத்தம் 9 டெராபைட்டுக்குச் சற்று மேல். கோப்புகளின் அளவைக் கூட்டிப் பார்த்தால் 23 டெராபைட்டுக்கு மேல் காட்டும், வட்டு மட்டும் 9 என்று சொல்லும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். இரண்டு எண்ணும் சரிதான்.

நிபந்தனைகள் உண்டு. குளோனிங் ஒரே வால்யூமுக்குள்தான், அதாவது ஒரே கோப்பு அமைப்பாக ஃபார்மட் செய்த இடத்துக்குள்தான், நடக்கும். எக்ஸ்.எஃப்.எஸ்.ஸில் ரெஃப்லிங்க் வசதி வட்டை ஃபார்மட் செய்யும்போதே இருந்தாக வேண்டும். பழைய வட்டில் பின்னால் சேர்க்க முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வட்டு நிறைந்துவிட்டது என்று இந்தக் கோப்புகளை வேறு வால்யூமுக்குச் சாதாரணமாக நகலெடுத்தால் பகிர்ந்துகொண்ட இடமெல்லாம் பிரிந்து, ஒவ்வொரு கோப்பும் தன் முழு அளவுக்கு உப்பிவிடும். 10 டெராபைட் வட்டில் அடங்கியிருந்தது 16 டெராபைட் வட்டில் அடங்காமல் போகும். இடமாற்றத்தை அந்தப் பேக்கப் மென்பொருளின் வழியாகவே செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள்.

பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் பயன்படுத்துபவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு ‘எங்களிடம் அப்படி ஒரு பொத்தானே இல்லையே’ என்று கேட்கலாம். அங்கே தேவையில்லை. அது வி.எம். வட்டை 4 எம்.பி. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதன் செக்சமால் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) அடையாளம் கண்டு ஒரே ஒரு முறை சேமிக்கிறது. ஒவ்வொரு நாள் பேக்கப்பும் துண்டுகளின் முழுப் பட்டியல்தான். அதாவது ஒவ்வொரு நாளும் முழு நகல், சங்கிலி என்ற ஒன்றே கிடையாது. ஆனால் அடுத்து நான் சொல்லப்போகும் ஆபத்து அங்கேயும் அப்படியே பொருந்தும்.

பிழையும் சேர்ந்தே வரும்

ஒருங்கிணைந்த வாக்காளர் பட்டியலில் மூலப் பட்டியலின் தவறு அப்படியே தொடரும் இல்லையா? மூலத்தில் ஒரு பெயர் தப்பாக அச்சாகி, எந்தத் துணைப் பட்டியலும் அதைத் திருத்தாவிட்டால், எத்தனை முறை இணைத்தாலும் அது தப்பாகவே வரும். சிந்தெடிக் ஃபுல்லின் இயல்பும் அதுதான். அது தன்னிடம் இருப்பதை மட்டும் நம்புகிறது. மூல வட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று அது போய்ப் பார்ப்பதே இல்லை. பேக்கப் அறிக்கையில் ‘ஃபுல்’ என்ற சொல்லைப் பார்த்ததும் புதிதாக ஒரு முழு நகல் எடுத்தாயிற்று என்று நிம்மதி அடைகிறோம். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே முக்கியமாக அந்த நிம்மதியைப் பற்றிப் பேசத்தான்.

தவறு இரண்டு வழியாக நுழையலாம். ஒன்று, சேமித்து வைத்த இடத்தில் பிளாக் கெட்டுப்போவது. வட்டில் ஒரு செக்டர் சத்தமில்லாமல் பழுதாகும். ஞாயிறு நகலில் இருந்த 3-ஆம் பிளாக் இப்படிக் கெட்டுவிட்டது, மூல வி.எம்.மில் 3-ஆம் பிளாக் மாறவே இல்லை என்றால், அடுத்தடுத்து வரும் எல்லா சிந்தெடிக் ஃபுல்லும் அந்தக் கெட்ட பிளாக்கையே சுமக்கும். குளோனிங் உள்ள வட்டில் இது இன்னும் கூர்மையானது. நான்கு வாரத்தின் நான்கு முழு நகலும் கோப்புகளாக நான்கு, அந்தப் பிளாக்கைப் பொறுத்தவரை வட்டில் ஒரே இடம். அந்த இடம் போனால் நான்கும் போகும். நான்கு நகல் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது வீண்.

இரண்டாவது வழி, எது மாறியது என்ற குறிப்பே தப்பாக இருப்பது. இது கற்பனை அன்று. விஎம்வேரின் சி.பி.டி.யில் அப்படி ஒரு பிழை இருந்து 2014-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு வி.எம்.மின் வட்டை 128 ஜி.பி. என்ற எல்லையைத் தாண்டிப் பெரிதாக்கினால், மாறிய பிளாக்குகளின் பட்டியல் பிழையாக வந்தது. 256, 512 என அடுத்தடுத்த இரட்டிப்பு எல்லைகளிலும் அப்படியே. பேக்கப் மென்பொருள் கேட்ட கேள்விக்கு ஹைப்பர்வைசர் தவறான பதில் சொல்கிறது. மென்பொருள் அதை நம்பி நகலெடுக்கிறது. அறிக்கையில் எல்லாம் பச்சை. அந்த இன்கிரிமென்டல்களைக் கொண்டு செய்த சிந்தெடிக் ஃபுல்லும் பச்சைதான், ஆனால் உள்ளே ஓட்டை. விஎம்வேர் இதைச் சரிசெய்துவிட்டது. அதுவரைக்கும் தரப்பட்ட மாற்றுவழி, சி.பி.டி.யை அணைத்து மறுபடி இயக்கி, புதிதாக ஒரு முழு பேக்கப் எடுப்பது. மூல வட்டிலிருந்தே படித்த முழு பேக்கப்.

எனவே என் பரிந்துரை இது. வாரந்தோறும் சிந்தெடிக் ஃபுல் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அதுவே சரியான வழி. அதோடு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, பொங்கல், தீபாவளி போன்ற நீண்ட விடுமுறையைப் பார்த்து, ஓர் ஆக்டிவ் ஃபுல் எடுங்கள். எல்லா வி.எம்.மையும் ஒரே இரவில் எடுக்க வேண்டியதில்லை, இரவுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வி.எம்.மின் வட்டைப் பெரிதாக்கினாலும், ஹைப்பர்வைசரைப் புதிய பதிப்புக்கு மாற்றினாலும் காத்திருக்காமல் அப்போதே ஒன்று எடுத்துவிடுங்கள். சேமித்த பிளாக்குகளின் செக்சத்தைச் சரிபார்க்கும் வசதி நல்ல பேக்கப் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் உண்டு. பலர் அதை இயக்குவதே இல்லை. மாதம் ஒரு முறை அதை ஓடவிடுங்கள். ஆனால் செக்சம் சரிபார்ப்பு முதல் வகைத் தவறை மட்டுமே பிடிக்கும். எடுக்கும்போதே தப்பாக எடுத்ததை அது ‘நலம்’ என்றுதான் சொல்லும்.

இரண்டாவது நகல் வேறு வட்டில், வேறு பெட்டியில் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியைப் பிரபலமாக்கியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். ஒரே வால்யூமுக்குள் இருக்கும் நான்கு சிந்தெடிக் ஃபுல்கள் அந்தக் கணக்கில் ஒன்றாகத்தான் சேரும்.

ரேன்சம்வேர் வந்தபின்

சங்கிலியை வளரவிடாமல் வைக்க இன்னொரு முறையும் இருக்கிறது. புதிய முழு நகல் செய்யாமல், மிகப் பழைய இன்கிரிமென்டலை முழு நகலுக்குள் கரைத்துவிடுவது. தினமும் ஒன்று கரையும், தினமும் ஒன்று சேரும். வட்டில் எப்போதும் ஒரே முழு நகல்தான். இடம் குறைவாக இருந்த காலத்தில் இது அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த முழு நகல் தினமும் திருத்தி எழுதப்படும் கோப்பு.

இன்று ரேன்சம்வேர் கொண்டு, அதாவது தரவைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் மென்பொருளைக் கொண்டு, தாக்குபவர்கள் முதலில் தேடுவது பேக்கப் கோப்புகளைத்தான். அவற்றை அழித்துவிட்டால் பணம் கொடுப்பதைத் தவிர வழி இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால், குறிப்பிட்ட நாள்வரை யாராலும் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி கோப்புகளைப் பூட்டிவைக்கும் முறை பரவியிருக்கிறது. வீம் 2021-இல் தன் 11-ஆம் பதிப்பில் லினக்ஸ் சர்வரின் கோப்புகளை இப்படிப் பூட்டும் வசதியைத் தந்தது. பூட்டிய கோப்புக்குள் எதையும் கரைக்க முடியாது. சிந்தெடிக் ஃபுல் பழைய கோப்புகளைப் படிக்க மட்டுமே செய்கிறது, எழுதுவது புதிய கோப்பில். அதனால் இரண்டும் ஒத்துப்போகின்றன. குளோனிங் உள்ள எக்ஸ்.எஃப்.எஸ்., பூட்டிய கோப்புகள், வாரம் ஒரு சிந்தெடிக் ஃபுல்: இன்று புதிதாக ஒரு பேக்கப் சர்வர் அமைப்பவருக்கு நான் சொல்லும் சேர்க்கை இது.

அமைக்கும்போது கவனிக்க

எல்லா வி.எம்.களுக்கும் சிந்தெடிக் ஃபுல்லைச் சனிக்கிழமை என்று வைத்துவிடாதீர்கள். குளோனிங் இல்லாத வட்டாக இருந்தால் அன்று இரவு பேக்கப் சர்வர் திணறும். வாரம் முழுக்கப் பரப்பிவிடுங்கள்.

தினசரி மாற்றம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால் வி.எம்.முக்கு உள்ளே பாருங்கள். அடிக்கடி காணும் காரணம், டேட்டாபேஸ் நிர்வாகி அதே வட்டில் இரவுதோறும் எடுத்துவைக்கும் சுருக்கிய டம்ப் கோப்பு, அதாவது டேட்டாபேஸ் மொத்தத்தின் நகல். டேட்டாபேஸில் பத்து வரி மாறினாலும் 60 ஜி.பி. டம்ப் கோப்பு முழுதும் புதிதாக எழுதப்படும். ஹைப்பர்வைசருக்கு 60 ஜி.பி. மாறியதாகத் தெரியும். அந்த டம்ப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது நல்ல பழக்கம். அதற்கென்று தனி வட்டு கொடுத்து, அந்த வட்டை வேறு அட்டவணையில் பேக்கப் எடுங்கள். விண்டோஸ் நினைவகத்துக்குத் துணையாக வட்டில் வைக்கும் பேஜ் கோப்பும், வட்டில் சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்க உள்ளே ஓடும் டிஃப்ராக் வேலையும் இதேபோல வீணாகப் பிளாக்குகளை மாற்றும்.

டேட்டாபேஸ் ஓடும் வி.எம். என்றால் ஸ்னாப்ஷாட் எடுக்கும் கணத்தில் அது தன் நினைவகத்தில் இருப்பதை வட்டுக்கு எழுதி அமைதியாக நிற்க வேண்டும். விண்டோஸில் வி.எஸ்.எஸ். என்ற உள்வசதி இதைச் செய்யும், லினக்ஸில் அதற்கான ஸ்கிரிப்ட்டை நீங்கள்தான் வைக்க வேண்டும். இது தவறினால் ஒவ்வொரு நகலும் மின்சாரம் போய் அணைந்த சர்வரின் நிலையில் இருக்கும். பெரும்பாலும் எழுந்துவிடும். எழாத ஒரு நாள் போதும்.

கடைசியாக, மீட்டுப் பார்ப்பது. 2017 ஜனவரி 31-ஆம் தேதி, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸின் தரவு தவறுதலாக அழிக்கப்பட்டது. அவர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. தினசரி டம்ப்பைத் தேடிப் போனபோது சேமிப்பிடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸ் ஒரு பதிப்பு, டம்ப் எடுக்கும் கருவி வேறொரு பதிப்பு. அதனால் அது நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் அவர்கள் மீண்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்கு எழுதிவைத்தார்கள், அதற்காக அவர்களை மதிக்க வேண்டும்.

உங்கள் சிந்தெடிக் ஃபுல்லிலிருந்து மாதம் ஒரு வி.எம்.மை, மற்ற நெட்வொர்க்கோடு சேராதபடி தனியாக எழுப்புங்கள். லாகின் திரை வந்ததும் ‘வேலை செய்கிறது’ என்று மூடிவிடாதீர்கள். விண்டோஸ் எழுவதற்குத் தேவைப்படும் பிளாக்குகள் வட்டில் சிறு பகுதிதான். கெட்ட பிளாக் டேட்டாபேஸின் நடுவே இருக்கலாம். டேட்டாபேஸுக்குரிய சரிபார்ப்புக் கட்டளையை ஓடவிடுங்கள். எஸ்.க்யூ.எல். சர்வர் என்றால் டி.பி.சி.சி. செக்டிபி. பிறகு அந்த மென்பொருளைத் தினமும் பயன்படுத்தும் கணக்கரையோ பதிவேட்டு ஊழியரையோ அழைத்துத் திரையைக் காட்டுங்கள். நேற்றைய கடைசி பில் இருக்கிறதா, மூன்று வருடத்துக்கு முந்தைய பில் திறக்கிறதா என்று அவர்களே தேடிப் பார்த்துச் சொல்லட்டும்.